முந்நூற்றுப் பதினேழு

க்ளைப்பேடாவில் இந்தக் குடியிருப்பைக் கட்டியவர்கள்
குளிருக்குப் பயந்தார்கள், குரலுக்குப் பயப்படவில்லை.
வெளிச்சுவர் முழங்கை அகலம்,
உள்சுவர் அப்பளம்.
அதனால் தினம் இரவு பத்தேகாலுக்கு
என் தம்பி ஸ்கிர்மாண்டாஸ்
உலகத்தை வரவேற்பது எனக்குக் கேட்கும்.
"வந்துட்டேன் மக்களே!"
உலகம் என்பது முந்நூற்றுப் பதினேழு பேர்.

அதில் முதல் நாற்பது மொய்க் கணக்கு:
நான், நான் மறந்துவிட்ட என் பழைய முகவரி,
துறைமுகத்தில் அவனோடு பாரந்தூக்கி ஓட்டுகிறவர்கள்,
அவர்களின் மனைவிமார்,
ஒரு பல் மருத்துவர்.
மற்றவர்கள் எங்கிருந்தோ வந்தார்கள், உட்கார்ந்தார்கள்.
அவர்களுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

காயலில் பனி உடைந்தபோது முந்நூற்றுப் பதினேழு.
லிண்டன் மரங்கள் பூத்து உதிர்ந்தபோதும் அதுவே.
அக்டோபரில் முந்நூற்றுப் பதினாறு.
போன அந்த ஒருவர் யார் என்று
பீட்ரூட் சூப்புக்கு மேலாக என்னைப் பார்த்தான்.
சத்தியமாக நான் இல்லை.

அவன் செய்து பார்க்காதது இல்லை.
முகப்புப் படத்தில் வாயைப் பிளந்தான்.
சிவப்பு அம்பு போட்டான், அது எதையும் சுட்டவில்லை.
ஒளிவளையம் வாங்கி எதிரே வைத்தான்,
கருமணிக்கு ஒன்றாய் இரண்டு வெள்ளை வட்டங்களோடு
கையும் களவுமாகப் பிடிபட்ட ஆந்தைபோல் இருந்தான்.
வாரம் மூன்று என்றான், தினம் ஒன்று என்றான்.
சுடுகிற ஆட்டம் அவனுக்குக் கைவராது.
குண்டு பட்டுச் சாவான்,
செத்ததற்குக் கத்துவான்,
கத்தலை வெட்டி முன்னால் ஒட்டுவான்.

நான் மீன் பதனிடும் கம்பெனியில் கணக்கர்.
கோடுகள் என்னிடம் பொய் சொல்லாது என்று பீற்றிக்கொள்பவள்.
ஒரு ஞாயிறு, அவன் ஷிஃப்டில் இருந்தபோது,
மடிக்கணினியைத் திறந்தேன்.
(கடவுச்சொல் பல் மருத்துவரின் பெயர்.
அதைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை.)

எல்லாக் காணொளிக்கும் ஒரே வரைபடம்:
முப்பதாவது நொடியில் மாடியிலிருந்து விழுந்து
அப்புறம் தரையோடு தரையாக ஒரு கோடு.
ஒன்றில் மட்டும்
பதினான்காவது நிமிடத்தில் ஒரு மேடு.
பாய்க்கடியில் மறந்துவிட்ட சீப்பு மாதிரி.

போட்டுப் பார்த்தேன்.
மைக்கை அணைத்துவிட்டதாக நினைத்திருக்கிறான்.
மதிலில் ஏற வழி தெரியாமல்
கிடந்த பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்குகிறான்.
ஏழு நிமிடம். ஒருவரும் சுடவில்லை.
அடித்தொண்டையில்,
"கொஞ்சம் இடது... இன்னும்...
இரு, காற்று...
ம், இறக்கு."

அந்த ஆட்டத்தில் காற்றே கிடையாது.

சொன்னேன். சண்டை வந்தது.
"பகலெல்லாம் அதைத்தானே செய்கிறேன்?
அதை மறக்கத்தான் இங்கே வந்து உட்கார்கிறேன்."
நியாயம். என்னிடம் பதில் இல்லை,
மேடு மட்டும் இருந்தது.
அச்செடுத்துக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினேன்.
பதினோரு நாள் அதைப் பார்க்காமலே பால் எடுத்தான்.

பன்னிரண்டாம் இரவு பத்தேகால் ஆயிற்று,
பத்தரையும் ஆயிற்று,
உலகத்தை யாரும் வரவேற்கவில்லை.
காய்ச்சலோ என்று எழுந்து கதவு வரை போனேன்.
உள்ளே, யாரிடமோ அல்லாமல்:
"இரு. காற்று."

இப்போது முந்நூற்று நாற்பத்து நான்கு.
ஊரைக் கூட்டிச் சொல்லும் எண்ணிக்கை அல்ல.
முப்பதாவது நொடியில் இன்னமும் பாதிப் பேர் எழுந்து போகிறார்கள்.
வெள்ளிக்கிழமைகளில் பழைய ஆட்டத்துக்கே திரும்பி
மனதாரத் தோற்கிறான்.
ஒளிவளையம் என் ஜன்னலோரச் சதகுப்பைச் செடிக்கு
வெயில் காட்டுகிறது.

நேற்று உச்சிப் பெட்டி
வைத்த கையோடு சரியத் தொடங்கியது.
சுவருக்கு இந்தப் பக்கம், படுக்கையில், இருட்டில்,
நான் இரண்டு கையையும் நீட்டியிருந்தேன்.